எடை குறையாமல் திருப்பித் தர வேண்டிய பெண்

எனக்கு முன்கோபம் உண்டு. அதை மறைத்துவிட்டுச் சொன்னால் இதில் பாதி விளங்காது. முப்பத்திரண்டு பெண்பிள்ளைகளுக்கு நான் பத்து நாள் சும்மா சமைத்துப் போட்டது ஊழிய வாஞ்சையால் என்று எங்கள் சபையில் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வாஞ்சையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கோபத்தில் எழுந்து நின்றேன். எழுந்த பிறகு உட்கார வெட்கமாக இருந்தது.

சீமையில் ராணியம்மாள் போய், அவர் மகன் பட்டத்துக்கு வந்திருந்த காலம் அது. நாங்கள் தங்கச் சுரங்கத்து மாரிகுப்பத்தில், கம்பெனி வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்துக்குள்ளே மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மிஸ்ஸியம்மா முன்னால் வந்து நின்றார். மிஸ்ஸியம்மா என்றால் எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தை நடத்திய வெள்ளைக்கார அம்மாள். வேதப் புத்தகத்தை வைத்துத் தமிழ் படித்தவர். ஆகையால் அவர் உப்புக் கேட்டாலும் பிரசங்கம் கேட்கிற மாதிரி இருக்கும்.

"பிரியமான ஸ்திரீகளே, கோடை விடுமுறையில் நம்முடைய பெண்பிள்ளைகள் முப்பத்திரண்டு பேர் பத்து நாள் பள்ளியிலேயே தங்கியிருந்து, பாட்டும் தையலும் வேதபாடமும் கற்றுக்கொள்வார்கள். அவர்களுக்குப் போஜனம் ஆயத்தம்பண்ண மனமுள்ளவள் யார்?"

மிஸ்ஸியம்மா பங்களாவில் ஒரு சமையல்காரர் இருந்தார். ஆனால் வயசுப் பெண்கள் தங்குகிற இடத்தில் ஆம்பளை சமைப்பதா என்று தகப்பன்மார் மறுத்துவிட்டார்கள். ஆக, ஒரு பொம்பளை வேண்டும். அத்தனை பொம்பளைகளும் தரையைப் பார்த்தார்கள். நானும் தரையைத்தான் பார்த்தேன். அப்போது பக்கத்தில் இருந்த, சபைக்கு வேதம் போதிக்கிற உபதேசியாரின் மனைவி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"நம்ம யக்கா நல்லா ஆக்குவாங்க. ஆனா இன்னா, பாவம், அஞ்சு பேருக்கு மேல ஆக்கி அவங்களுக்குப் பழக்கமில்ல."

அந்தப் 'பாவம்' இருக்கிறதே, அதுதான் என்னைக் கிளப்பியது.

"முப்பத்தி ரெண்டு பேரு இன்னா, முன்னூறு பேரு வரட்டும். நான் ஆக்கறேன்!" என்றேன்.

"நீயும் கூடப் போய் ஒத்தாசை பண்ணு" என்று உபதேசியார் தன் மனைவியிடம் சொல்லிவிட்டார். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததில் எனக்குப் பாதிக் கோபம் தீர்ந்துவிட்டது.

பிள்ளைகள் வந்து சேர்ந்த நாளன்று சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்துப் பின்புறத்தில் அடுப்புக்குக் கல் கூட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மனிதர் தன் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். அவரை எனக்குத் தெரியும். மைன் ஸ்டோரில் எடை போடுகிறவர். இரும்பு, எண்ணெய், கயிறு, எதுவானாலும் அவருடைய தராசில் ஏறி இறங்கித்தான் உள்ளே போகும். மனைவி செத்து நாலு வருஷம். இந்த ஒரே பெண். பன்னிரண்டு வயது.

"எம்மா, நீங்கதான் ஆக்கிப் போடறதா?"

"ஆமா."

"ஐம்பத்தெட்டு ராத்தல்."

"இன்னாது?"

"என் பொண்ணு. இன்னிக்குக் காலீல தராசுல நிக்க வெச்சுப் பாத்தேன். சுத்தமா ஐம்பத்தெட்டு."

நான் அரிசி மூட்டை எதையாவது எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாரோ என்று அவர் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னார். ஆற்காட்டுப் பக்கத்தில் ஒரு போர்டிங் பள்ளிக்கூடத்தில் மிஸ்ஸியம்மா இந்தப் பெண்ணுக்கு இடம் வாங்கியிருந்தார். ஜூன் மாதம் போக வேண்டும். படித்து முடித்தால் டீச்சர். எங்கள் லைன்களிலிருந்து அதுவரை ஒரு பெண்ணும் அப்படிப் போனதில்லை.

"போர்டிங்குப் போன புள்ளைங்கள நான் பாத்துக்கீறேம்மா. போறப்ப புள்ளையா போவுது, வர்றப்ப வெளக்குமாறா வருது. அதான் மிஸ்ஸியம்மா கையில கண்டிசா சொல்லிட்டேன். பத்து நாள் இங்க துன்னட்டும். பத்தாம் நாளு மத்தியானம் ஸ்டோருக்கு இட்டுக்கினு வாங்க. எடை ஒரு ராத்தல் கொறஞ்சாலும் போர்டிங்கு இல்ல. தை மாசம் எங்க அக்கா புள்ளைக்குக் கட்டி வெச்சுடுவேன்."

அந்த அக்கா பிள்ளையையும் எனக்குத் தெரியும். முப்பது வயது. ஏற்கெனவே ஒரு கல்யாணம் பண்ணி, அந்தப் பெண் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"மனுஷன் பொய் சொல்லுவான்மா. தராசு சொல்லாது" என்று முடித்துவிட்டு அவர் போனார். அந்தப் பெண் அங்கேயே நின்று கால் கட்டைவிரலால் மண்ணில் எதையோ கீறிக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன். கணக்கு.

"பத்து நாளைக்கு முப்பது வேள பெரிம்மா. ஒரு வேளைகூட வுடாம துன்னா எறங்காது இல்ல?" என்றாள்.

எடைபோடுகிறவரை ஆயிரம் திட்டினேன், மனசுக்குள்தான். சபையில் அத்தனை தைரியமாக எழுந்து நின்ற நான் முப்பத்திரண்டு பேருக்கு எத்தனை படி அரிசி என்றே இன்னும் யோசிக்கவில்லை.

மறுநாள் அது சந்தி சிரித்தது. ஐந்து பேருக்குப் போடுகிறதை ஆறரைத் தடவை போட்டால் போயிற்று என்று நினைத்தேன். பாத்திரம் அப்படி நினைக்கவில்லை. அடியில் தீய்ந்து, நடுவில் குழைந்து, மேலே அரிசியாகவே கிடந்தது. சரி, குழம்பாவது தேறும் என்றால், நான் உப்புப் போட்டதை உபதேசியார் மனைவி பார்க்கவில்லை, அவள் போட்டதை நான் பார்க்கவில்லை. மிஸ்ஸியம்மா ஒரு வாய் வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"சகோதரியே, இதில் சாரம் மிகுதியாயிருக்கிறது" என்றார்.

"சாரம் இல்லம்மா, உப்பு" என்றாள் உபதேசியார் மனைவி. நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். வைக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது.

ராகிக் களி கிண்டினோம். இரண்டாம் கிண்டலில் துடுப்பு முறிந்தது. என் வீட்டுக்காரர் மைனிலிருந்து ஒரு சம்மட்டிக் காம்பைச் செதுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். பாத்திரத்தின் இரண்டு பக்கமும் காலை அகட்டி உட்கார்ந்து உபதேசியார் மனைவி பிடித்துக்கொள்ள, நான் சம்மட்டிக் காம்பால் கிண்டினேன். "யக்கா, பாத்து யக்கா, என் முட்டி, என் முட்டி!" என்று அவள் கத்துகிற சத்தத்துக்குப் பெண்களெல்லாம் தையலைப் போட்டுவிட்டு ஓடிவந்து வேடிக்கை பார்த்தார்கள். களி நன்றாக வந்தது. அவள் முட்டி மூன்று நாள் வீங்கியிருந்தது. அதற்குப் பிறகு எங்களுக்குள் சண்டை குறைந்துவிட்டது.

இதைவிடப் பெரிய கூத்து சாயங்காலச் சாப்பாட்டில் நடந்தது. மிஸ்ஸியம்மா மார்பில் ஒரு கடிகாரம் குத்தியிருப்பார். சாயங்காலச் சாப்பாடு சரியாக ஐந்து மணிக்கு என்று அவர் அட்டவணை. ஐந்து மணிக்கு இலை போட்டு, சோறு போட்டு, குழம்பு ஊற்றினோம். மிஸ்ஸியம்மா ஜெபம் பண்ணினார். ஆமென் சொன்னோம். ஒரு பிள்ளையும் சோற்றில் கை வைக்கவில்லை. மடியில் கையைக் கட்டிக்கொண்டு முப்பத்திரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜெபம் போதவில்லையாக்கும் என்று மிஸ்ஸியம்மா கண்ணை மூடி இன்னொரு ஜெபம் பண்ணினார், கொஞ்சம் நீளமாக. ஆமென். கை நகரவில்லை. ஒரு பாட்டுப் பாடினார். பிள்ளைகள் கூடச் சேர்ந்து நன்றாகவே பாடினார்கள். சோறு ஆறியது. அவர் முகம் சிவந்துபோய் மூன்றாவது ஜெபத்தைத் தொடங்கினார். அது பாவ அறிக்கை ஜெபம். நடுவிலே மைன் சங்கு ஊதியது. அவ்வளவுதான், முப்பத்திரண்டு கையும் ஒரே சமயத்தில் சோற்றில் இறங்கிவிட்டது. மிஸ்ஸியம்மா ஆமென் சொல்வதற்குள் நாலு இலை காலி.

எனக்கும் உபதேசியார் மனைவிக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் தப்பு எங்களுடையது. எங்கள் லைன்களில் ஒரு வழக்கம் உண்டு. மத்தியானம் கஞ்சி கிஞ்சி குடிப்போம், அது கணக்கில்லை. சாயங்காலச் சோற்றை மட்டும், பகல் ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதி, ஆட்கள் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி மேலே வந்துவிட்டார்கள் என்று தெரிகிறவரை பொம்பளைகள் தொடமாட்டோம். யாரும் சட்டம் போடவில்லை. நம்ம ஆள் பூமிக்குக் கீழே இருக்கிறபோது சோறு தொண்டையில் இறங்காது, அதனால் வந்த வழக்கம். பால் மறந்த குழந்தையிலிருந்து பழகியது. மூச்சு விடுகிறதை யாருக்காவது போய்ச் சொல்வோமா? அதே மாதிரி இதையும் நாங்கள் மிஸ்ஸியம்மாவுக்குச் சொல்லவில்லை.

சொன்னதும் அவர் அட்டவணையை எடுத்து ஐந்தை அடித்து, "சங்கு" என்று தமிழிலேயே எழுதினார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனுஷி, அதைச் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். எடைக்காரர் பெண்ணைத் தவிர. அவளும் சங்கு ஊதினதும் கை வைப்பாள். கோழி கொத்துகிற மாதிரி நாலு பருக்கை. பிறகு இலையை மடித்துவிடுவாள். முதல் மூன்று நாள் நானும் கெஞ்சினேன், மிரட்டினேன், கருவாடு வறுத்துப் போட்டேன், வெல்லத்தை உடைத்துக் கையில் திணித்தேன். நாலாம் நாள் பொறுமை போய்விட்டது.

"ஏண்டி, உனக்கு இன்னாதான் வேணும்? அந்த முப்பது வயசுக்காரனுக்குக் கழுத்த நீட்டணும்னு ஆசையா?"

அவள் அழுதாள். எனக்கு என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"துன்னத்தான் பாக்கறேன் பெரிம்மா. எறங்கமாட்டுது. வூட்டுல நானும் நைனாவும் எதிரும் புதிருமா உக்காருவோம். அம்மா செத்ததுலேர்ந்து அப்டித்தான். நைனா ஒரு வாய் வெச்சா நான் ஒரு வாய் வெப்பேன். இங்க எதிர்ல செவுருதான் கீது."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஓர் இலையை எடுத்து அவளுக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நான் ஒரு வாய் வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்து ஒரு வாய் வைத்தாள். நான் இன்னொரு வாய் வைத்தேன். அப்படியே முழு இலையும் போயிற்று. அன்றிலிருந்து மூன்று வேளையும் அதே கதை. அவள் இன்னொரு கரண்டி வாங்க வேண்டும் என்றால் நானும் வாங்க வேண்டும். நான் கை கழுவினால் அவளும் கழுவிவிடுவாள். ராத்திரி வீட்டுக்குப் போனால் அங்கே என் வீட்டுக்காரர், "உக்காரு, சேந்து துன்னலாம்" என்பார். அவர் எதிரிலும் உட்கார்ந்து சாப்பிட்டேன். எட்டாம் நாள் என் ரவிக்கை கையில் தையல் விட்டுப்போயிற்று.

ஒன்பதாம் நாள் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவளை இடுப்பில் கையைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். வந்த அன்றைக்கு இருந்த மாதிரியேதான் இருந்தாள். இன்னும் லேசாகத் தெரிந்தாற்போலவும் இருந்தது. உபதேசியார் மனைவியைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். அவளும் உதட்டைப் பிதுக்கினாள்.

"முதல் மூணு நாளு போனது போனதுதான் யக்கா. அத எப்டி இட்டு நெரப்பறது?"

நான் முற்றத்தைப் பார்த்தேன். எங்கள் சபைக் கோயிலிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகிற பாதையில் கருப்புச் சல்லி கொட்டியிருந்தது. நல்ல கனமான கல். நான் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"யக்கா, வேணாம். நான் உபதேசியார் பொண்டாட்டி."

"பொய்யா சொல்லப் போறோம்? கல்லு பேசுமா?"

அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள், யாரும் இல்லை. பிறகு, "வட்டமா இருக்கறதா பொறுக்குங்க. கூரா இருந்தா துணியக் கிழிச்சுடும்" என்றாள்.

பெண்ணின் பாவாடைக் கீழ் மடிப்பைப் பிரித்து ஆறு கல்லை உள்ளே போட்டுத் தைத்தோம். ஒரு கல் போதும் என்றாள் உபதேசியார் மனைவி. நான்தான் எதற்கும் இருக்கட்டும் என்று ஆறு போட்டேன். பத்தாம் நாள் காலையில் பாவாடையைக் கட்டின பெண், இரண்டு அடி நடந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கா தெரியாது?

"பெரிம்மா, நைனா கண்டுபுடிச்சிடுவாரு."

"நீ வாய மூடிக்கினு நட. இடிச்சிக்காத."

ஸ்டோர் இருக்கிறது மைன் காம்பவுண்டுக்குள்ளே. எடைக்காரர் சொல்லிவைத்திருந்ததால் வாசலில் உள்ளே விட்டார்கள். தராசு ஒரு கொட்டகைக்குள் இருந்தது. கீழே மனுஷர் நிற்கிற அளவுக்கு இரும்புப் பலகை, மேலே எண் வெட்டின கம்பி, அதில் நகர்த்துகிற குண்டு. எடைக்காரர் எழுந்து வந்தார். பெண்ணின் தலையைத் தொட்டுப் பார்த்தார், கையைப் பிடித்துப் பார்த்தார், பலகையில் ஏற்றினார். குண்டை நகர்த்தினார். இன்னும் நகர்த்தினார். திரும்ப முதலிலிருந்து நகர்த்தினார்.

"அறுபத்தஞ்சு" என்றார். "பத்து நாள்ல ஏழு ராத்தலா!"

ஆறு கல் அதிகம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தேன்.

அவர் சந்தேகப்படவில்லை. தராசு சொன்னால் அவருக்கு அதற்கு மேல் கேள்வி இல்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கெலிச்சிட்டீங்கம்மா. நான் சொன்ன சொல்லு சொல்லுதான். போவட்டும்" என்றார். ஜெயித்த எனக்குச் சந்தோஷமாக அல்லவா இருக்க வேண்டும்? அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பெண்ணை இழுத்துக்கொண்டு வெளியே நடந்தேன்.

இங்கேதான் நான் பண்ணின மடத்தனம் வருகிறது. உள்ளே போகிறவர்களை அந்த வாசலில் யாரும் சோதிப்பதில்லை. வெளியே வருகிறவர்களைத்தான் சோதிப்பார்கள். தலைப்பாகையை அவிழ்க்கச் சொல்லுவார்கள், வேட்டியை உதறச் சொல்லுவார்கள், சோற்றுப் பாத்திரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். மைனிலிருந்து ஒரு கல் வெளியே போனால் தங்கத் திருட்டு, ஜெயில். என் வீட்டுக்காரர் தினமும் வேட்டியை உதறிவிட்டு வருகிற வாசல் அது. அந்த வாசல் வழியாகத்தான் நான் ஆறு கல்லைத் தைத்து ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

வாட்ச்மேன் தெலுங்குக்காரர். பொம்பளைகள் என்பதால் சும்மா கையைக் காட்டி அனுப்பிவிட்டார். இரண்டு அடி வைத்திருப்போம். உபதேசியார் மனைவியின் தையல் வாயைப் பிளந்தது. டக். டக் டக். மூன்று கல் வாசற்படியில் உருண்டு அவர் காலடியில் போய் நின்றன.

"ஏமிதி? ராள்ளா?" என்று கல்லைக் காட்டிக் கேட்டுக்கொண்டே அவர் குனிந்தார். மிச்சம் மூன்றும் விழுந்தன.

அவர் விசிலை எடுத்தார். "ஐயா, கோயில் கல்லுய்யா! மிஸ்ஸியம்மா கல்லுய்யா!" என்று என்னென்னவோ கத்தினேன். அந்த ஊரில் மைனிலிருந்து வராத கல் எது? பாதையில் கொட்டின சல்லியே மைன் கொடுத்ததுதான். நல்ல வேளை, விசில் ஊதுவதற்குள் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க நைனாவக் கேளுங்க, எங்க நைனாவக் கேளுங்க" என்று இழுத்தாள். ஆறு கல்லையும் தொப்பியில் பொறுக்கிப் போட்டுக்கொண்டு, எங்களை முன்னால் விட்டு, மறுபடி தராசுக் கொட்டகைக்கே ஓட்டிக்கொண்டு வந்தார்.

எடைக்காரர் ஒரு கல்லை எடுத்துச் சுத்தியால் அடித்து உடைத்தார். இரண்டு பாதியையும் வெளிச்சத்தில் காட்டினார். தங்கம் இருக்கிறது வெள்ளைக் கல்லில். இது உள்ளேயும் கருப்பு. "சல்லி" என்றார் வாட்ச்மேனிடம். பிறகு பெண்ணின் கிழிந்த பாவாடை மடிப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என் தராசையே ஏமாத்தினீங்களா?"

"ஏமாத்தினேன்! இன்னா பண்ணச் சொல்ற? பெத்த பொண்ண அரிசி மூட்டையாட்டம் எடை போட்டுக் குடுத்தா நான் இன்னா பண்றது? அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. கல்லு வெச்சது நானு. ஜெயிலுக்குப் போறதுன்னா நான் போறேன். அவ போர்டிங்குக்குப் போவட்டும்!"

அவர் பெண்ணுக்குப் பலகையைக் காட்டினார். அவள் ஏறினாள். இந்தத் தடவை குண்டு நகர்ந்தபோது நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். மிஸ்ஸியம்மாவின் மூன்று ஜெபமும் ஒரே மூச்சில் எனக்கு ஞாபகம் வந்தன.

"அறுபத்தொண்ணு" என்றார்.

எனக்குக் காதில் விழவில்லை. "எவ்ளோ?"

"அறுபத்தொண்ணும்மா. கல்லு நாலு ராத்தல். பொண்ணு மூணு ராத்தல் ஏறிக்கீறா."

என் கைச் சமையலை நானே நம்பாமல் போனேனே என்று எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. என் மேல் வருகிற ஆத்திரம் எப்போதும் பக்கத்தில் நிற்பவர் மேல்தான் போகும். அவரை நன்றாக ஏற இறங்கப் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன். சட்டை தோளில் நிற்காமல் நழுவிக்கொண்டிருந்தது. கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நின்றன.

"எல்லாரையும் எடை போடறியே, நீ ஏறுய்யா மேல!"

"நான் எதுக்கு?"

"ஏறுன்றேன்!"

"எக்கு, எக்கு" என்றார் வாட்ச்மேனும். அவருக்கு வேடிக்கை பிடித்துப்போயிருந்தது. எடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். தானே குண்டை நகர்த்தக் கையை நீட்டினார். பெண் அவர் கையைத் தள்ளிவிட்டுத் தானே நகர்த்தினாள். கம்பியில் எண்ணை வாசித்தாள்.

"நூத்திப் பன்னண்டு."

வாசித்துவிட்டு அவள் தராசுக்குப் பக்கத்திலிருந்த மரக் கம்பத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சாக்குக்கட்டியால் இரண்டு எண் எழுதியிருந்தது, ஒன்றின் கீழ் ஒன்று. எனக்கு வாசிக்கத் தெரியாது. அவள்தான் வாசித்தாள். மேலே ஐம்பத்தெட்டு. கீழே நூற்றுப் பதினெட்டு. அவளை அனுப்பின அன்றைக்கு அவரும் ஏறிப் பார்த்திருக்கிறார்.

"ஆறு ராத்தல் எறங்கிட்டீங்க நைனா" என்றாள். "பத்து நாளா இன்னா துன்னீங்க?"

"துன்னேன். ஆக்கத்தான் ஆக்கினேன். ஒத்தையா உக்காந்தா எறங்கமாட்டுது கண்ணு."

வாட்ச்மேன் தொப்பியில் இருந்த கற்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். 

"நான் போவல நைனா" என்றாள் பெண். "போர்டிங்கு வேணாம். நான் வூட்டுலயே கீறேன்."

அவருக்கு வேண்டியதுதானே அது? அதற்காகத்தானே இத்தனையும்? மனுஷர் சரி என்று சொல்லிவிட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். நான் அப்படித்தான் எதிர்பார்த்தேன். அவரை உதைக்கலாம் போலவும், கட்டிக்கொண்டு அழலாம் போலவும் எனக்கு ஒரே நேரத்தில் இருந்தது.

அவர் தராசுக் கம்பியை இரண்டு தட்டுத் தட்டினார்.

"இது கெட்டுப்போயிருக்கு. எண்ண போட்டு ரொம்ப நாளாச்சு. இத நம்பாத."

பெண் லேசுப்பட்டவளா? கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப என் எடையும் தப்புதானே நைனா? நான் ஏறலன்னுதானே அர்த்தம்? அப்ப நான் போவத் தேவையில்ல."

எத்தனையோ வருஷமாக அந்தக் கொட்டகையில் நின்று, கால் ராத்தல் வித்தியாசத்துக்கெல்லாம் வண்டிக்காரர்களோடு மல்லுக்கு நின்ற மனுஷர்.

"உனக்கு சரியாத்தான் காட்டும்" என்றார். "எனக்குத்தான் தப்பாக் காட்டும்."

பிறகு பலகையிலிருந்து இறங்கி, கம்பத்தில் கீழே இருந்த தன் எண்ணை மட்டும் உள்ளங்கையால் அழுத்தித் துடைத்தார்.